முத்துச் சலாபமும் ஏர்செல்லும்

போன தடவை லீவுக்கு ஆலந்தலை போயிருந்தப்போ, கரையில வலை பொத்திக்கிட்டிருந்த பெரியப்பாகிட்ட "ஏர்செல் முதலாளி யாருன்னு தெரியுமா பெரியப்பா?"ன்னு கேட்டேன்.

"தோனி மஞ்சச் சட்டையில எழுதியிருக்குமே, அந்தக் கம்பெனியா? எவனோ பம்பாய்க்காரனா இருப்பான்"ன்னார்.

அவரைச் சொல்லிக் குத்தமில்ல. பொட்டி தட்டுற எனக்கே, 2024 நவம்பர் 28-ல் அந்த மனுஷன் 86 வயசுல இறந்துபோன செய்தியைப் படிக்கிற வரைக்கும் பேரைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஆனந்த கிருஷ்ணன். யாழ்ப்பாணத்துல இருந்து மலேயாவுக்குப் போன தமிழ்க் குடும்பம். 1938-ல் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல பிறந்தவர். கொழும்புத் திட்ட உதவித்தொகையில மெல்போர்ன் பல்கலைக்கழகம், 1964-ல் ஹார்வர்டில் எம்பிஏ. எண்ணெய் வியாபாரத்துல சம்பாதிச்சார். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் எழுந்த திட்டத்துக்குப் பின்னாலயும் இவர்தான். ஆனா போட்டோவுக்கோ பேட்டிக்கோ சிக்காத ஆள்.

தொலைத்தொடர்புக்கு வந்தது ஐம்பது வயசைத் தாண்டி. 1995-ல் மேக்சிஸ் செல்போன் சேவை. 1996 ஜனவரியில மலேசியாவின் முதல் செயற்கைக்கோள் மீசாட்-1. அதே வருஷம் ஆஸ்ட்ரோ டிவி, அதுல வானவில்னு ஒரு தமிழ்ச் சேனல். போன், டிவி, செயற்கைக்கோள் மூணையும் ஒரே கையில வச்சிருந்தவங்க இந்தப் பக்கத்துல ரொம்பக் குறைச்சல்.

2006-ல் கடல் தாண்டி நம்ம பக்கம் வந்தார். சிவசங்கரன் 1999-ல் தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச ஏர்செல்லின் 74 சதவீதப் பங்கை மேக்சிஸ் வாங்கிச்சு.

கடற்கரைக்காரனுக்கு செல்போன்னா என்னன்னு ஊருக்குள்ள இருக்கிறவங்களுக்குப் புரியுறது கஷ்டம். ராபர்ட் ஜென்சன்ங்கிற பொருளாதார அறிஞர் வடகேரளத்துல 1997 முதல் 2001 வரை சாளை விலையைக் கணக்கெடுத்தார். போன் வந்ததும், எந்தக் கரையில என்ன விலைன்னு கடல்ல இருந்தே கேட்டுட்டு வள்ளத்தைத் திருப்பினாங்க. மீனவருக்கு லாபம் 8 சதவீதம் கூடிச்சு, வாங்குறவங்களுக்கு விலை 4 சதவீதம் குறைஞ்சுது. மீனைக் கடல்ல கொட்டுறதும் நின்னு போச்சு.

ஆனா ஒரு எல்லை இருந்துச்சு. ஜிஎஸ்எம் முறையில ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு நொடியில ரொம்பச் சின்னத் துண்டு ஒண்ணு ஒதுக்கப்படும். சிக்னல் போய்ச் சேர ஆகுற தாமதம் ஒரு அளவைத் தாண்டிட்டா டவர் அதை ஏத்துக்காது. கணக்கு போட்டா 35 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 19 கடல் மைல். நடுவுல மலை, மரம் எதுவும் இல்லாத வெறுங்கடலா இருந்தாலும் சாதாரண டவர்ல அதுக்கு மேல பேச முடியாது. வள்ளம் அந்தக் கோட்டைத் தாண்டிடுச்சுன்னா, திரும்பி வர்ற வரைக்கும் பெரியம்மா கரையைப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கணும்.

கதைக்கு வர்றேன். 2010-ல் 3ஜி ஏலம். ஏர்செல் 13 வட்டங்களைப் பிடிச்சது, ஏறத்தாழ 6,500 கோடி ரூபாய், 20 வருஷ உரிமை. அப்புறம் எல்லாமே இறங்குமுகம். ஏர்செல்-மேக்சிஸ் வழக்குல மாறன் சகோதரர்களைத் தனி நீதிமன்றம் 2017 பிப்ரவரியில விடுவிச்சது. வெளிநாட்டுல இருந்த ஆனந்த கிருஷ்ணன் இங்கே ஆஜராகல, அவர் மேல எந்தத் தீர்ப்பும் வரல. இதுக்கு நடுவுல 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து விலையைத் தரைமட்டமாக்கிடுச்சு. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோட சேரப் போட்ட திட்டம் 2017 அக்டோபர்ல முறிஞ்சது. 2018 பிப்ரவரியில தமிழ்நாடு முழுக்க சிக்னல் விழுந்து, நம்பரைக் காப்பாத்த ஜனங்க கடை வாசல்ல வரிசையில நின்னாங்க. அதே மாசம் கம்பெனி திவால் மனு போட்டுச்சு. கடன் மட்டும் 15,000 கோடிக்கு மேல. மலேசியாவுல ஜெயிச்ச அதே கை இங்கே தோத்துச்சு.

இதைப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது முத்துச் சலாபம். நம்ம ஊர்க்காரங்க மன்னார் பக்கம் மரிச்சுக்கட்டி வரைக்கும் போய்க் குளிச்சவங்கதானே. 1905-ல் அங்கே பிரமாதமான பாடு. அதைப் பாத்துட்டு 1906-ல் லண்டன் கம்பெனி ஒண்ணு இலங்கை முத்துப் பார்களை அரசாங்கத்துகிட்ட 20 வருஷக் குத்தகைக்கு எடுத்துச்சு. 1907-க்கு அப்புறம் பல வருஷம் சிப்பியே இல்ல. கம்பெனியை மூடிட்டாங்க.

கடலோ காத்தோ, குத்தகைன்னா ஒரே கணக்குதான். நல்ல வருஷத்துப் பாட்டைப் பாத்து 20 வருஷத்துக்கு விலை பேசுறோம். அரசாங்கம் காசை எண்ணி வாங்கிடுது. அடுத்த வருஷம் என்ன வரும்னு கேட்டவனுக்கும் தெரியாது, குடுத்தவனுக்கும் தெரியாது. ஹார்வர்ட் படிப்பும் அங்கே உதவாது. ஒரே ஒரு வித்தியாசம்: சிலோன் சலாபத்துல குளிகாரனுக்கு எடுத்த சிப்பியில மூணுல ஒரு பங்கு கிடைச்சது. அலைக்கற்றையில நமக்குப் பங்கு கிடையாது. விழும்போது வரிசையில நிக்குறது மட்டும் நாமதான்.

எல்லாத்தையும் பெரியப்பாகிட்ட சொன்னேன். பொத்தி முடிச்ச வலையை உதறிக்கிட்டே கேட்டார்: "நம்ம ஆளா அவன்? ஒருநாளாவது இந்தக் கரைக்கு வந்து சிக்னல் எதுவரைக்கும் வருதுன்னு பாத்திருக்கானா?"

எங்கிட்ட பதில் இல்ல. வலையோட மறுமுனையைப் பிடிச்சுக் குடுத்தேன்.