தண்டையல்
தண்டையல் (பெயர்ச்சொல்): கலத்தை நடத்துபவர். கரையூர் என்ற பழம்பெயருடைய குருநகர் முதல் வல்வெட்டித்துறை வரை யாழ்ப்பாணக் கரையோர வழக்கு. இந்தியக் கரைகளில் தண்டல், தண்டேல். ஆங்கிலக் கடலோடிகள் வாயில் டிண்டல். ‘தண்டு’ என்பதற்குப் படை, துடுப்பு என இரு பொருளும் உண்டு. துடுப்போடு சேர்த்துப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தண்டு வலிப்பவர்கள் ஒரே தாளத்தில் வலித்தால்தான் கலம் நேரே ஓடும்.

காற்று சோளகமா வாடையா, நீரோட்டம் எப்பக்கம், வலையை எங்கே விடுவது என்று கடலில் இறங்குமுன் ஆட்களோடு பேசுவதே நல்ல தண்டையலுக்கு அழகு. செலவு போக மிஞ்சுவது பங்காகப் பிரியும் தொழில் மீன்பிடி. தண்டையலின் கணிப்பு பிழைத்தால் எல்லோர் வீட்டு அடுப்பையும் அது தொடும். ஆகவே கணிப்பிலும் எல்லோருக்கும் பங்கு வேண்டும்.

மீன்பிடிக் கலங்களில் மட்டுமல்ல: வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்ததும் ஒரு தண்டையலின் தலைமையில்தான்.