தூங்கியவர் சாட்சி சொல்ல முடியாது

1869-இல் பெர்லின் மருந்தியலாளர் ஆஸ்கர் லீப்ரைக் குளோரல் ஹைட்ரேட்டைத் தூக்க மருந்தாக அறிமுகப்படுத்தியபோது அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. வயிற்றுக்குள் போன குளோரல் இரத்தத்தின் காரத்தன்மையால் குளோரோஃபாமாக உடையும், அதுதான் ஆளைத் தூங்கவைக்கும் என்று நினைத்தார். கணக்கு தப்பு. உடல் குளோரலை டிரைகுளோரோஎத்தனால் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. ஆனால் தூக்கம் வந்துவிட்டது. வந்த பிறகு கணக்கை யார் சரிபார்ப்பார்கள்? தூக்க மருந்தின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை நான் இந்த இடத்திலிருந்துதான் வாசிக்க விரும்புகிறேன். இருமல் மருந்து வேலை செய்ததா என்பதை இருமியவரே சொல்லிவிடுவார். தூக்க மாத்திரை இரவில் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டிய ஒரே ஆளை அந்த மாத்திரையே சாய்த்துவிடுகிறது. அதனால்தான் இம்மருந்துகளின் விசித்திரங்கள் எப்போதும் தாமதமாகவும், பெரும்பாலும் அடுத்தவர் வாயிலாகவும் தெரியவந்தன. விசித்திரங்கள் அரிதாக இருந்தன என்பதைவிட, பார்க்க ஆளில்லாமல் நடந்தன என்பதே சரி.

பழைய மருந்துகள் ஒரு விதத்தில் நேர்மையானவை. அவை மனிதரைக் குழப்பினாலும் குழப்பத்தின் நினைவை விட்டுவைத்தன. ஆங்கில நாவலாசிரியர் ஈவ்லின் வா தூக்கமின்மைக்காக நெடுங்காலம் குளோரலும் புரோமைடும் கலந்த மருந்தைக் குடித்துவந்தார். கூடவே மதுவும் உண்டு. 1857-இல் சார்லஸ் லோகாக் வலிப்பு நோய்க்குப் பரிந்துரைத்ததிலிருந்து பரவிய புரோமைடு உடலைவிட்டு எளிதில் போகாது. உட்கொண்டதில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 12 நாள் ஆகும். தினமும் குடிப்பவரின் உடலில் அது சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் இல்லாத குரல்களைக் கேட்கவைக்கும். 1954-இன் தொடக்கத்தில் உடம்பு தேறுவதற்காக வா இலங்கைக்குக் கப்பல் ஏறினார். கப்பலில் தம்மைப் பலர் ஏசுவதும் சதி செய்வதும் அவர் காதில் விழுந்தன. எகிப்தில் இறங்கி விமானத்தில் கொழும்பு போய்ச் சேர்ந்தார். குரல்களும் கூடவே வந்து சேர்ந்தன. அவர் எழுதிய கடிதங்களைப் படித்து மனைவி கலங்கிப்போனார். ஊர் திரும்பியதும் மருத்துவர்கள் அந்தக் கலவையை நிறுத்தி வேறு தூக்க மருந்து கொடுத்தார்கள், குரல்கள் நின்றுவிட்டன. வா வெட்கப்பட்டு இதை மறைக்கவில்லை. 1957-இல் ‘தி ஆர்டீல் ஆஃப் கில்பர்ட் பின்ஃபோல்ட்’ என்ற நாவலாகவே எழுதினார். மருந்து ஒரு மனத்தை எப்படி ஆட்டிவைத்தது என்பதற்கு உள்ளிருந்து கிடைத்த இவ்வளவு தெளிவான, இவ்வளவு சிரிப்பூட்டும் சாட்சியம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இடையில் வந்தவற்றை வேகமாகக் கடக்கலாம். 1903-இல் எமில் ஃபிஷரும் யோசெஃப் ஃபான் மெரிங்கும் அறிமுகப்படுத்திய பார்பிட்டல், வெரோனால் என்ற பெயரில் உலகெங்கும் போனது. அந்தக் குடும்பத்து மருந்துகளில் தூக்கத்துக்கும் சாவுக்கும் இடையே இருந்த தூரம் மிகக் குறைவு. அந்த அச்சத்துக்கு விடையாக 1957-இல் மேற்கு ஜெர்மனியில் மருத்துவர் சீட்டே இல்லாமல் விற்பனைக்கு வந்தது தாலிடோமைடு. அதன் பாதிப்புடன் பிறந்த குழந்தைகள் 10,000-க்கும் மேல். அமெரிக்காவில் அதை அனுமதிக்காமல் நிறுத்திவைத்த ஃபிரான்சிஸ் கெல்சி, சாப்பிட்டவர்களின் கைகால் நரம்புகள் மரத்துப்போவதாக வந்த தகவலை விடாமல் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவர். சின்ன விசித்திரம் என்று அவர் அதை ஒதுக்கியிருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பின் வந்தவை நினைவையே எடுத்துக்கொண்டன. 1987-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. நீண்ட விமானப் பயணத்தில் தூங்குவதற்காக மூன்று பேர் டிரையசோலாம் சாப்பிட்டிருக்கிறார்கள்; மதுவும் சேர்ந்திருக்கிறது. போய் இறங்கிய பின் பல மணி நேரம் நடமாடியதில் எதுவும் பிறகு அவர்கள் நினைவில் இல்லை. மூவரும் நரம்பியல் விஞ்ஞானிகள்! மூளையை ஆராய்வதே தொழிலாகக் கொண்டவர்களுக்கே அந்த நேரத்தில் தங்கள் மூளை பதிவு செய்வதை நிறுத்திவிட்டது தெரியவில்லை என்றால், மற்றவர்கள் எம்மாத்திரம்? 1990-களில் அமெரிக்காவில் ஆம்பியன் என்று விற்பனைக்கு வந்த சோல்பிடெம் இதே வழியில் இன்னும் ஒரு படி போனது. 2002-இல் மயோ கிளினிக் மருத்துவர்கள் அதைச் சாப்பிட்ட ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இரவில் எழுந்து போய் உண்கிறார்கள், காலையில் நினைவில்லை. மாத்திரையை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. தூக்கத்தில் உண்ணும் இந்நோய் பற்றிய பொதுவான மருத்துவக் குறிப்புகளில் பச்சை இறைச்சியும், பூனைக்கு வைத்த தீனியும், வெண்ணெய் தடவிய சிகரெட்டும்கூட இடம்பெறுகின்றன. சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அதே ஆள் அடுப்பைப் பற்றவைக்கலாம், கார் சாவியை எடுக்கலாம். 2006 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பேட்ரிக் கென்னடி பின்னிரவு 2.45 மணியளவில் காரை நாடாளுமன்ற வளாகத்தருகே தடுப்பில் மோதினார். ஆம்பியனும் இன்னொரு மருந்தும் சாப்பிட்டிருந்ததாகவும், வாக்களிக்கப் போக வேண்டும் என்று நம்பியே கிளம்பியதாகவும் பிறகு அவரே அறிக்கை விட்டார்.

கோடிக்கணக்கானோர் விழுங்கும் மருந்தில் நாலு பேர் கதையை வைத்துப் பயமுறுத்தலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தூக்கமில்லாமல் தவிப்பது சின்னத் துன்பமில்லை. சில நாளைக்கு ஒரு மாத்திரை ஒருவரைக் காப்பாற்றவும் கூடும். ஆனால் அந்தப் பலனையும் அளந்து பார்க்க வேண்டும். சோல்பிடெம் வகை மருந்துகளைப் பற்றி 2012-இல் பி.எம்.ஜே. இதழில் வந்த பகுப்பாய்வின்படி, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவற்றைச் சாப்பிட்டவர்கள் சராசரியாக 22 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். ‘அரிது’ என்ற கணக்கோ, யாரோ கவனித்துச் சொன்னவற்றை மட்டும் வைத்துப் போட்டது. இன்னொரு மறுப்பு, மாத்திரையின் பெயரைச் சொல்லி எதிலிருந்தும் தப்பித்துக்கொள்ளலாம் என்பது. 2018-இல் நடிகை ரோசன் பார் தம் இனவெறிப் பதிவுக்கு ஆம்பியனைக் காரணம் காட்டினார். இனவெறி எங்கள் எந்த மருந்தின் பக்க விளைவாகவும் அறியப்படவில்லை என்று தயாரிப்பாளரான சனோஃபி பதில் சொன்னது. அது சரியான பதில். எல்லா விசித்திரத்தையும் மாத்திரையின் தலையில் கட்ட முடியாது. ஆனால் பொய்ச்சாட்சி ஒன்று வந்தது என்பதற்காக மெய்ச்சாட்சிகளைத் தள்ளிவிட முடியுமா? நிறுத்தினால் நிற்கிறது என்ற மயோ மருத்துவர்களின் சோதனை, சாக்குச் சொல்பவரையும் உண்மையில் பாதிக்கப்பட்டவரையும் பிரித்தறிய இன்றும் உதவும்.

சட்டம் எவ்வளவு மெதுவாக வந்தது என்று பாருங்கள். தூக்கத்தில் கார் ஓட்டுவது பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கேட்டது 2007-இல். சோல்பிடெம் பெண்களின் இரத்தத்தில் அதிக நேரம் தங்குகிறது என்று சொல்லி அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது 2013-இல், அதாவது அனுமதி கொடுத்து 20 ஆண்டு கழித்து. எட்டு மணி நேரம் கழிந்தபின்னும் கார் ஓட்டுவதைப் பாதிக்கும் அளவு மருந்து பெண்களில் சுமார் 15 சதவீதத்தினரிடம் இருந்தது. ஆண்களில் 3 சதவீதம்தான். காலையில் மந்தமாக இருக்கிறது என்று அத்தனை ஆண்டுகளாகச் சொன்ன பெண்களுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று ஊகிக்கக் கடினமில்லை. 2019-இல் மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது: ஒருமுறை இப்படி நடந்தவருக்கு இம்மருந்தை மறுபடி கொடுக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் நடந்தது என்று மருத்துவரிடம் யாராவது சொன்னால்தான் அது செயல்படும். தனியாக வாழ்பவருக்கு இம்மாத்திரையை எழுதும் மருத்துவர், காலையில் சமையலறையையும் கார் சாவியையும் பார்க்கும்படி முதல் நாளே சொல்லி அனுப்ப வேண்டும். அடுத்த முறை வரும்போது, நன்றாகத் தூங்கினீர்களா என்பதற்கு முன்னால் அதைக் கேட்க வேண்டும்.