உப்புக் கணக்கு

கொஞ்சம் நீளமான இழை இது. பொறுமையா படிங்க. ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைங்க வீட்டில் இருந்தா அவங்களுக்கும் காட்டுங்க.

ஆம்பூர் பக்கம் ஒரு பள்ளியிலிருந்து கணக்கு டீச்சர் ஒருத்தர் போன் செய்தார்.

"சார், ஜூன் 29 புள்ளியியல் தினம் வருது. பெரிய வகுப்புப் பிள்ளைங்களுக்கு ஒரு போட்டி வைக்கிறோம். புள்ளிவிவரத்தை வச்சு கதை எழுதணும். கட்டுரை இல்ல சார், கதை. நீங்க நடுவரா வரணும். அதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் பிள்ளைங்ககிட்ட பேசணும்."

உண்மையைச் சொல்லிடுறேன். எம்.பி.பி.எஸ். படிப்பில் சமூக மருத்துவப் பாடத்தோட சேர்ந்து புள்ளியியலும் வரும். சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் பாஸ் பண்றதுக்காகப் படிச்சு, பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே மறந்தவங்கள்ல நானும் ஒருத்தன். இருந்தாலும் வர்றேன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறம்தான் பயம் வந்தது. உட்கார்ந்து படிச்சேன்.

ஜூன் 29 என்பது பி.சி. மகாலனோபிஸ் பிறந்த நாள். 1893-ல் பிறந்தவர். 1931-ல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 2007 முதல் இந்த நாளைத் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுறோம்.

பிள்ளைங்ககிட்ட நான் மூணு கதை சொன்னேன். மூணும் நடந்தவை. அதையே உங்களுக்கும் சொல்றேன்.

*

முதல் கதை, டெல்லி, 1947.

பிரிவினைக் கலவரம். உயிருக்குப் பயந்த மக்கள் பெரும் கூட்டமாகச் செங்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்துட்டாங்க. சாப்பாடு போடுவது அரசின் பொறுப்பு, சமைச்சுக் கொடுப்பது ஒப்பந்தக்காரர்கள். பில் நாளுக்கு நாள் ஏறுது. உள்ளே எத்தனை பேர் இருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது. உள்ளே போய்த் தலை எண்ணும் சூழ்நிலையும் இல்லை.

புள்ளியியலாளர்களைக் கூப்பிட்டாங்க. அவங்க கையில் இருந்தது பில் மட்டும்தான். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு.

ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி, பருப்பு, உப்பு சாப்பிடுவார் என்பது பழைய குடும்பச் செலவு ஆய்வுகளில் இருந்து தெரியும். ஒரு உதாரணத்துக்கு, ஆளுக்கு 10 கிராம் உப்புன்னு வைங்க. 100 கிலோ உப்பு செலவானா 10,000 பேர். அவ்வளவுதான் கணக்கு.

மூணு பொருளுக்கும் தனித்தனியா வகுத்துப் பார்த்தாங்க. பில் நேர்மையா இருந்தா மூணு விடையும் கிட்டத்தட்ட ஒண்ணா வரணும். வரலை. அரிசிக் கணக்கில் ஆள் அதிகம், உப்புக் கணக்கில் ஆள் குறைவு.

ஏன்? அரிசி விலை அதிகம், கூட்டி எழுதினா லாபம். உப்பு விலை மலிவு, கூட்டி எழுதி யாருக்கு என்ன கிடைக்கப்போகுது? அதனால் உப்பு சொன்ன எண்ணிக்கையையே நம்பினாங்க.

இந்த யோசனை ஜே.எம். சென்குப்தா என்பவருடையது. இதைத் தன் 'ஸ்டாடிஸ்டிக்ஸ் அண்ட் ட்ரூத்' நூலில் பதிவு செய்தவர் சி.ஆர். ராவ். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஹடகலியில் 1920-ல் பிறந்து, 2023-ல் உலகப் புள்ளியியல் பரிசு பெற்று, அதே ஆண்டு 102 வயதில் மறைந்த மேதை.

பிள்ளைங்ககிட்ட நான் சொன்னது இதுதான்: ஒரு எண்ணைப் பார்த்தா, அதைக் கூட்டியோ குறைச்சோ எழுதினா யாருக்கு லாபம்னு முதல்ல கேளுங்க.

*

இரண்டாவது கதை நம்ம மாகாணத்தில் நடந்தது. இதில் வருபவர் என்னைப் போல ஒரு அரசு மருத்துவர்.

டபிள்யூ.ஆர். கார்னிஷ். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்துக்கான அறிக்கையை எழுதியவர் இவர்தான். மொத்தம் 3 கோடியே 12 லட்சம் பேர். மாவட்டம் வாரியா, சாதி வாரியா, வயது வாரியா அத்தனையும் அவர் கை வழியாப் போனது.

ஐந்து வருஷத்தில் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை. தாது வருஷப் பஞ்சம்னு பாட்டி, கொள்ளுப்பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. வடாற்காடு, சேலம் எல்லாம் அடிபட்ட மாவட்டங்கள். அதாவது நாம இப்போ நிக்கிற இதே மண்.

1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிளை வைஸ்ராய் லிட்டன் இங்கே அனுப்பினார். இதே டெம்பிள் 1874-ல் பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்கி மக்களைக் காப்பாற்றியவர். அதுக்காகவே "காசை வீணடிச்சுட்டார்" என்று திட்டு வாங்கியவர். இந்த முறை சிக்கனம் காட்டினார். கல் உடைக்கும், மண் வெட்டும் ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், சுமார் 450 கிராம், அதோடு கொஞ்சம் சில்லறை. இது போதும் என்றார்.

கார்னிஷ் ஒத்துக்கலை. குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம், கூடவே பருப்பும் காய்கறியும் வேணும் என்றார். சிறைக்கைதிக்குக் கொடுக்கும் உணவோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

அவர் கணக்கு போட்ட விதத்தைப் பாருங்க. நிவாரண முகாம்களில் ஒரு மாதம் நிகழ்ந்த சாவு விகிதம், ஆண்டுக்கு 94 சதவீதத்துக்குச் சமம் என்று எடுத்துக் காட்டினார். புரியுதா? 100 பேர் இருக்கும் இடத்தில் ஒரு மாதத்தில் சுமார் 8 பேர் சாவு. "8 சதவீதம்" என்று எழுதினா மேசையில் இருக்கும் அதிகாரி அடுத்த காகிதத்துக்குப் போயிடுவார். "இப்படியே போனா ஒரு வருஷத்தில் கிட்டத்தட்ட முகாமே காலி" என்றால் நிமிர்ந்து பார்ப்பார். எண் அதேதான். பொய் சேர்க்கலை. படிக்கிறவனுக்குப் புரியும்படி சொன்னார், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். அன்றைய மரணப் பதிவேட்டில் காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், மற்றவை என்றுதான் கட்டங்கள். பட்டினிக்குத் தனிக் கட்டம் கிடையாது. பட்டினியில் கிடந்து பேதியில் செத்தவன் பேதிக் கணக்கில் போயிடுவான். கட்டம் இல்லாத சாவு, கணக்கில் இல்லாத சாவு.

1877 மார்ச்சில் சென்னை அரசு படியை உயர்த்தியது. ஒன்றேகால் பவுண்டு தானியம், 43 கிராம் பருப்பு. கார்னிஷ் கேட்டதில் பாதி தூரம்தான். அதுக்குள்ள போன உயிர்கள் திரும்பலை. மொத்தப் பஞ்சத்தில் செத்தவங்க 50 லட்சத்துக்கும் மேல் என்பது பல வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. இந்த வாக்குவாதம் நமக்கு இன்னிக்கும் படிக்கக் கிடைப்பதற்கு ஒரு பத்திரிகையாளர் காரணம். 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி, 1878-லேயே இரண்டு தொகுதிகளாக எழுதி வெளியிட்டுட்டார்.

தோல் ஊர்க்காரங்களுக்கு ஒரு கூடுதல் தகவல். பஞ்சத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தப்போ துறைமுகத்தில் தோல் ஏற்றுமதி கூடியது. அந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவனுக்கு அது வியாபார வளர்ச்சி. மாட்டைப் பறிகொடுத்த விவசாயிக்கு அது என்னன்னு நான் சொல்லத் தேவையில்லை.

*

மூன்றாவது கதை உங்க வீட்டுக் கிணற்றுக் கதை.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போடுவாங்க. தோல் ஷாப்புக்கு வந்ததும் அதை ஊற வச்சுக் கழுவுவாங்க. அந்த உப்பு எங்கே போகும்? தண்ணியோட போகும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அழுக்கை எடுக்கும், ஆனால் கரைந்த உப்பை எடுக்க அதுக்குத் தனித் தொழில்நுட்பம் வேணும். அது வருவதற்கு முன்னாடி பல வருஷம் அந்த உப்பு பாலாற்று மணலுக்குள் இறங்கியது. "எங்க கிணறு உப்பாயிடுச்சு சார்" என்று இங்கே எந்தப் பெரியவரும் சொல்வார்.

அந்தப் பேச்சு எண்ணாக மாறியது நீதிமன்றத்தில். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு போட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே நஷ்டத்துக்குப் பொறுப்பு என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றப்பட்ட தீர்ப்பு அது. உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் நம்ம வேலூர் பெயரைப் படிக்கிறாங்க.

அந்தத் தீர்ப்பில் இரண்டு எண்கள் இருக்கு. ஒன்று, தோல் தொழில் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழ். இன்னொன்று, 467 கிணறுகளில் 350 கெட்டுப்போச்சு.

"அப்போ வேலூரில் நாலில் மூணு கிணறு கெட்டுப்போச்சு, சரியா?" என்று பிள்ளைங்ககிட்ட கேட்டேன். எல்லாரும் சரின்னு தலையாட்டினாங்க.

தப்பு. அந்த 467 கிணறுகள் திண்டுக்கல் பக்கத்து 13 கிராமங்களில் எடுத்த கணக்கு. அங்கேயும் தோல் ஷாப்புகள் உண்டு. 35,000 ஹெக்டேர் என்பதையும் முதற்கட்டக் கணக்கெடுப்பு என்றுதான் தீர்ப்பே சொல்லுது. எண் எந்த ஊரில் பிறந்தது, யார் எடுத்தது என்பதை விட்டுட்டா, உண்மையான எண்ணும் பொய் சொல்ல ஆரம்பிச்சிடும். இதே மாதிரி இன்னொரு பொறி இருக்கு. 2019-ல் வேலூர் மூணாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு. 2018 வேலூரையும் இன்றைய வேலூரையும் பக்கத்தில் வச்சு "குறைஞ்சிடுச்சு" என்று எழுதினா அது கணக்கே இல்லை.

தீர்ப்புப்படி அமைந்த ஆணையம், 2001-ல் பாதிக்கப்பட்டவர்கள் 29 ஆயிரத்துக்கும் மேல் என்று கணக்கிட்டு இழப்பீடு விதித்தது. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம், இன்னும் கிடைக்காதவங்களுக்குக் கொடுத்து முடிங்க என்று மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. 2001-க்கும் 2025-க்கும் நடுவில் எத்தனை வருஷம்னு நீங்களே கழிச்சுப் பாருங்க.

இதையும் சொல்லணும். இந்தத் தோல்தான் இங்கே பல்லாயிரம் வீட்டில் அடுப்பு எரிய வைக்குது. அந்தப் பள்ளியில் என் முன்னாடி உட்கார்ந்திருந்த பிள்ளைங்க நிறையப் பேருடைய ஃபீஸ் தோல் கம்பெனியிலிருந்தும் ஷூ கம்பெனியிலிருந்தும்தான் வருது.

*

பேசி முடிச்சேன். கேள்வி இருந்தா கேளுங்க என்றேன். பதினொன்றாவது படிக்கிற ஒரு பொண்ணு எழுந்தது.

"சார், தோல் கம்பெனியில வேலை செய்றவங்க எத்தனை பேர் கை அரிப்புன்னு உங்க ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க?"

என்கிட்ட பதில் இல்லை.

ஆள் வராமல் இல்லை, வர்றாங்க. விரல் இடுக்கில் வெடிப்பு, தடிப்பு, இரவெல்லாம் அரிப்பு. குரோமியம் ஒவ்வாமையால் தோல் அழற்சி வரும் என்பது மருத்துவப் பாடப் புத்தகத்திலேயே இருக்கு. ஆனா ஓ.பி. பதிவில் தொழில் என்ற இடத்தில் நாங்க என்ன எழுதுறோம்? "கூலி." பல நேரம் அதுவும் இல்லை, வெறும் கோடு. இதில் யாரையும் குறை சொல்லலை. நீண்ட வரிசை நிக்கும்போது நானும் அப்படித்தான் எழுதியிருக்கேன்.

டிரம்மில் தோல் போடுபவர், ஷேவிங் மெஷினில் நிற்பவர், பஃபிங் தூசியில் இருமுபவர், ஷூ அப்பர் தைப்பவர், பீடி சுற்றும் அம்மா, வயலில் களை எடுக்கும் பாட்டி, எல்லாரும் "கூலி". எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிட்டா, அப்புறம் எந்த கம்ப்யூட்டராலும் பிரிச்சு எண்ண முடியாது.

1877-ல் பட்டினிக்குக் கட்டம் இல்லைன்னு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஆவேசமா பேசினவன் நான். என் மேசையில் இருக்கும் கட்டத்தை நானே காலியா விட்டிருக்கேன்.

1700-ல் இத்தாலியில் ராமசினி என்ற மருத்துவர், தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தோல் பதனிடுபவர்களைப் பற்றியும் அதில் இருக்கு. நோயாளியிடம் மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேருங்கள் என்றார் அவர்: நீங்க என்ன வேலை செய்றீங்க? 300 வருஷத்துக்கும் மேல் ஆச்சு.

அந்தப் பொண்ணு போட்டிக்கு எழுதின கதையின் தலைப்பு "கூலி". ஒரு ஓ.பி. சீட்டு பேசுவது போல எழுதியிருந்தது. தன் தெருவில் வீடு வீடாகப் போய், "நீங்க சரியா என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டு, அந்த வேலைகளின் பெயர்களைக் கதைக்குள் வரிசையா வச்சிருந்தது. எழுத்துப்பிழை இருந்தது. நடுவில் ஒரு பக்கம் இழுத்தது. நான் முதல் மதிப்பெண் போட்டேன். மற்ற நடுவர்களுக்கு வேற கதை பிடித்திருந்ததால் இரண்டாம் பரிசு கிடைத்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வச்சிருக்கேன். கை அரிப்பு, இருமல், முதுகு வலி என்று வருபவரிடம் "என்ன வேலைங்க?" என்று கேட்பேன். "கூலி சார்" என்பார். "சரிங்க, கூலியில என்ன வேலை?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பத்து விநாடி போதும். பதிலைச் சீட்டில் எழுதுறேன், தேதி போட்டு என் நோட்டிலும் குறிக்கிறேன். பெயர் வேண்டாம், வேலையும் நோயும் மட்டும். அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் இதே கேள்வியைக் கேட்டா, "இத்தனை பேர்" என்றாவது சொல்லணும் இல்லையா?

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓ.பி.க்கு வரும்போது டாக்டர் கேட்கலைன்னாலும் உங்க வேலையைச் சரியா சொல்லுங்க. எந்த மெஷின், எந்தப் பிரிவு, எத்தனை வருஷம். அவசரத்தில் நாங்க கோடு போட்டா, "எழுதிக்குங்க சார்" என்று கேளுங்க.