தோட்டாக்களை விமானத்தில் அனுப்புதல்: ஆபத்துப் பொருள் ஆவணங்கள்

துப்பாக்கித் தோட்டாக்களை விமானத்தில் அனுப்பும்போது அவற்றின் ஆபத்துத் தன்மை, அளவு, பொதி, அனுப்புபவரின் பொறுப்பு ஆகியவற்றை எழுத்தில் பதிவு செய்யும் ஆவணங்கள் மூன்று. அனுப்புபவர் கையொப்பமிடும் ஆபத்துப் பொருள் அறிவிப்புப் படிவம் முதலாவது. சரக்குடன் செல்லும் ஏர்வே பில் இரண்டாவது. புறப்படுமுன் தலைமை விமானியிடம் தரப்படும் ‘நோட்டாக்’ மூன்றாவது. தோட்டாப் பெட்டி ஒன்று கிடங்கிலிருந்து விமானத்தின் வயிற்றுக்குள் போய்ச் சேரும் வரை அதைப் பலர் கையாள்கிறார்கள்; அவர்களில் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. உள்ளே இருப்பது என்ன என்பதை அவர்கள் இந்தத் தாள்களையும் பெட்டியின் மேலுள்ள குறிகளையும் நம்பியே அறிகிறார்கள். ஆகவே ஆவணத்தின் உண்மையும் முழுமையும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருதப்படுகின்றன.

சட்ட அடிப்படை

1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையில் 35-ஆவது பிரிவு, போர்த் தளவாடங்களை ஒரு நாட்டின் நிலப்பரப்புக்குள்ளோ அதன் வானத்தின் வழியாகவோ அந்நாட்டின் அனுமதியின்றிக் கொண்டுசெல்லக் கூடாது என்கிறது. எது போர்த் தளவாடம் என்பதை ஒவ்வொரு நாடும் தன் விதிகளால் வரையறுத்துக்கொள்ளலாம். இதனால் ஒரு நாட்டில் விளையாட்டுப் பொருளாக மதிக்கப்படும் தோட்டா இன்னொரு நாட்டில் முன் அனுமதி கேட்கும் பொருளாக இருக்கக்கூடும். புறப்படும் நாடு, சேரும் நாடு ஆகியவற்றோடு, வழியில் விமானம் இறங்கும், கடந்து பறக்கும் நாடுகளின் விதிகளையும் அனுப்புபவர் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆபத்துப் பொருள் போக்குவரத்துக்கான ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் பரிந்துரைகள் 1956-இல் முதன்முதலாக வெளிவந்தன. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவும் அதே ஆண்டில் தன் முதல் விதித்தொகுப்பை வெளியிட்டது. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, சிகாகோ உடன்படிக்கையின் 18-ஆவது பிற்சேர்க்கையை 1981-இல் ஏற்றது. அது 1984 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிற்சேர்க்கையின் விரிவான நடைமுறைகள் ‘தொழில்நுட்ப அறிவுறுத்தல்கள்’ என்ற நூலில் உள்ளன. அந்நூல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. அதைத் தழுவி, விமான நிறுவனங்களின் கூடுதல் நிபந்தனைகளையும் சேர்த்து ஐயாட்டா ஆண்டுதோறும் வெளியிடும் கையேடுதான் கார்கோ அலுவலகங்களில் அன்றாடம் புரட்டப்படுவது.

வகைப்பாடு

ஆவண வேலை வகைப்பாட்டில் தொடங்குகிறது. வெடிபொருள்கள் அனைத்தும் வகுப்பு 1-இல் அடங்கும். மொத்தமாக ஒரே நேரத்தில் வெடிக்கக்கூடியவை 1.1 என்ற பிரிவில் தொடங்கி, மிகக் குறைந்த உணர்திறன் கொண்டவை 1.6 என்ற பிரிவில் முடிகின்றன. எதனுடன் எதைச் சேர்த்து வைக்கலாம் என்பதைக் காட்டப் பிரிவு எண்ணை அடுத்து ஓர் எழுத்து வரும்.

கைத்துப்பாக்கி, ரைபிள், வேட்டைத் துப்பாக்கி ஆகியவற்றின் சாதாரணத் தோட்டாக்கள் பெரும்பாலும் யூஎன் 0012 என்ற ஐக்கிய நாடுகள் எண்ணின் கீழ் 1.4எஸ் என்று வகைப்படுத்தப்படுகின்றன. குண்டு இல்லாத வெற்றுத் தோட்டாக்களுக்கு யூஎன் 0014. எஸ் என்ற எழுத்துக்குத் திட்டமான பொருள் உண்டு: தற்செயலாகத் தோட்டா வெடித்தால் விளைவு பொதிக்குள்ளேயே அடங்க வேண்டும், தீயில் பொதி சிதைந்துபோனாலும், அருகில் நின்று தீயணைப்பவர்களின் வேலைக்குப் பெரிய இடையூறு நேரக் கூடாது. பொதியை நெருப்பில் இட்டுப் பார்க்கும் சோதனையும் இந்த வகைப்பாட்டுக்கு முன் நடத்தப்படும் சோதனைகளில் ஒன்று. துப்பாக்கிக் குழாயின் இறுக்கம் இல்லாத இடத்தில் தோட்டா தீப்பிடித்தால் அதன் கூடு கிழிந்து சிதறும். குண்டு துப்பாக்கியிலிருந்து புறப்படும் வேகத்தில் பாயாது. பயணியர் விமானத்தின் சரக்கறையில் ஏற்ற அனுமதிக்கப்படும் வெடிபொருள்கள் ஏறக்குறைய 1.4எஸ் மட்டுமே என்பதற்கு இதுவே காரணம்.

ஒரே பொருள் வடிவம் மாறும்போது அதன் எண்ணும் மாறுகிறது. தோட்டாவுக்குள் இருக்கும்வரை 1.4எஸ் ஆகச் செல்லும் புகையற்ற வெடிமருந்து, டப்பாவில் தனியாக அடைக்கப்பட்டால் பொதுவாக யூஎன் 0161, பிரிவு 1.3சி ஆகிறது, பயணியர் விமானத்தில் அதற்கு இடமில்லை. தீப்பொறி தரும் பிரைமர்கள் தனியாகச் சென்றால் யூஎன் 0044. பிரைமர் பொருத்திய காலிக் கூடுகள் யூஎன் 0055. தோட்டாவிலும் குண்டின் தன்மையோ பொதியின் சோதனை முடிவோ வேறுபட்டால், பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பது 1.4சி பிரிவில் யூஎன் 0339 ஆகிவிடும். அது சரக்கு விமானத்தில் மட்டுமே செல்லலாம். எண்ணைத் தோற்றம் பார்த்து எழுதாமல், உற்பத்தியாளரின் வகைப்பாட்டுச் சான்றைப் பார்த்து எழுத வேண்டியது அவசியம்.

பொதியும் குறிகளும்

யூஎன் 0012-க்கு ஐயாட்டாவின் 130-ஆம் பொதி அறிவுறுத்தல் பொருந்துகிறது. பயணியர் விமானத்தில் ஒரு பொதிக்கு நிகர எடை 25 கிலோ, சரக்கு விமானத்தில் 100 கிலோ என்பது உச்சவரம்பு. இது பொதிக்குரிய வரம்பு. விமானம் முழுமைக்கும் உரியது அல்ல.

பெட்டி ஐக்கிய நாடுகள் தரச் சோதனையில் தேறியதாக இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் அச்சான குறியீட்டைச் சரக்கு ஏற்பவர் எழுத்தெழுத்தாக வாசிப்பார். ‘4ஜி/ஒய்30/எஸ்/24’ என்று தொடங்கும் ஒரு வரியில், 4ஜி என்பது அட்டைப் பெட்டி. ஒய் என்பது நடுத்தர ஆபத்துக்கு ஏற்ற வலிமை. 30 என்பது பெட்டியோடு சேர்த்துத் தாங்கக்கூடிய கிலோ. எஸ் என்பது திடப்பொருளுக்கானது. 24 என்பது தயாரித்த ஆண்டு. அந்தப் பெட்டி 31 கிலோ காட்டினால் படிவம் எவ்வளவு சரியாக இருந்தாலும் சரக்கு திரும்பிவிடும்.

பெட்டியின் மேல் யூஎன் எண்ணும், பொருளின் முறையான பெயரும், அனுப்புபவர், பெறுபவர் இருவரின் முகவரிகளும், நிகர அளவும் மொத்த எடையும் எழுதப்பட வேண்டும். ஆரஞ்சு நிறச் சாய்சதுர லேபிளில் 1.4 என்ற எண் பெரிதாகவும், கீழே எஸ் என்ற எழுத்தும், அடிமுனையில் 1 என்ற வகுப்பு எண்ணும் இருக்கும். 1.1 முதல் 1.3 வரையுள்ள பிரிவுகளின் லேபிளில் காணப்படும் வெடிக்கும் குண்டுப் படம் இதில் இராது.

அறிவிப்புப் படிவம்

இடமும் வலமும் சிவப்புச் சாய்கோடுகள் கொண்ட இந்தப் படிவம் கார்கோ கூடங்களில் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும். இதில் பொருளின் விவரம் மாறாத வரிசையில் எழுதப்பட வேண்டும்: யூஎன் எண், முறையான பெயர், பிரிவும் எழுத்தும், பொதிகளின் எண்ணிக்கையும் வகையும் நிகர அளவும், பொதி அறிவுறுத்தல் எண், சிறப்பு அனுமதி இருந்தால் அதன் விவரம். வேறு வகுப்புகளுக்குத் தேவைப்படும் பொதித் தொகுதி எண் வெடிபொருளுக்கு இல்லை. அதற்குப் பதிலாக நிகர வெடிபொருள் எடை கேட்கப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 12 கேஜ் துப்பாக்கிக்கான 500 தோட்டாக்கள் ஓர் அட்டைப் பெட்டியில் செல்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 38 கிராம் என்றால் நிகர எடை 19 கிலோ. ஆகவே பயணியர் விமானத்திலும் ஏற்றலாம். ஒவ்வொன்றிலும் வெடிமருந்து 1.4 கிராம் என்றால் நிகர வெடிபொருள் எடை 0.7 கிலோ. படிவத்தில் எழுத வேண்டியது: ‘யூஎன் 0012, கார்ட்ரிட்ஜஸ் ஸ்மால் ஆர்ம்ஸ், 1.4எஸ், 1 அட்டைப் பெட்டி × 19 கிலோ, நிகர வெடிபொருள் 0.7 கிலோ, 130’. இந்த இரண்டு எடைகளும் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை. 19 கிலோ, பொதி வரம்பை மீறவில்லை என்று காட்டுகிறது. 0.7 கிலோ, அந்தப் பெட்டியில் எரியக்கூடிய மருந்து எவ்வளவு என்று சொல்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் வரம்பு மீறிய பெட்டி வரம்புக்குள் இருப்பதுபோல் தோன்றிவிடும்.

பயணியர் விமானத்திலும் ஏற்றலாமா, சரக்கு விமானத்தில் மட்டுமா என்ற கட்டத்தில் பொருந்தாததை அடித்துவிட வேண்டும். முறையான பெயரை விதியில் உள்ளபடி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ‘விளையாட்டுச் சாமான்’, ‘உலோகப் பொருள்’ போன்ற பொதுச் சொற்கள் ஏற்கப்படா. படிவத்தில் திருத்தம் செய்தால் அனுப்புபவர் முதலில் இட்ட அதே கையொப்பத்தைத் திருத்தத்தின் அருகிலும் இட வேண்டும். ஏர்வே பில் எண், புறப்படும் விமான நிலையம், சேரும் விமான நிலையம் ஆகிய மூன்று இடங்களை மட்டும் முகவரோ விமான நிறுவனமோ நிரப்பலாம், மாற்றலாம். கையொப்பமிட்ட படிவத்தின் இரண்டு பிரதிகள் விமான நிறுவனத்திடம் தரப்படுகின்றன; அனுப்புபவரும் ஒரு பிரதியைக் குறைந்தது மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் செல்லும், அங்கிருந்து வரும், அதன் வழியே போகும் சரக்குகளுக்கு, எந்நேரமும் பதில் கிடைக்கும் அவசரத் தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டும்.

ஏற்பு முதல் விமானி வரை

விமான நிறுவனத்தின் பயிற்சி பெற்ற ஊழியர் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துப் படிவத்தையும் பெட்டியையும் ஒப்பிடுகிறார். ஒரு வரி தவறினாலும் சரக்கை ஏற்பதில்லை. ஏற்றால், ஆபத்துப் பொருள் அறிவிப்பு இணைக்கப்பட்டுள்ளது என்ற குறிப்பு ஏர்வே பில்லில் இடம்பெறும். சரக்குச் செய்திகளில் 1.4எஸ் பொருளுக்கு ‘ஆர்எக்ஸ்எஸ்’ என்ற மூன்றெழுத்துக் குறி வழங்குகிறது.

விமானம் புறப்படுமுன் தலைமை விமானிக்கு நோட்டாக் தரப்படுகிறது. பொருளின் எண், பெயர், பிரிவு, பொதிகளின் எண்ணிக்கை, அளவு ஆகியவற்றோடு அது எந்தச் சரக்கறையில், எந்த இடத்தில் ஏற்றப்பட்டது என்பதும் அதில் உண்டு. பெட்டிகளில் சேதமோ கசிவோ தென்படவில்லை என்ற உறுதியும் உண்டு. விமானி அதில் கையொப்பமிடுகிறார். ஒரு பிரதி தரையில் இருக்கும். வானில் அவசரநிலை ஏற்பட்டால் விமானி இந்த விவரத்தை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குச் சொல்வார். அங்கிருந்து அது விமான நிலையத் தீயணைப்புப் படைக்குப் போகும். அனுப்புபவர் படிவத்தில் எழுதிய ஒரு வரிதான் இத்தனை கைகள் மாறி, தீயை எதிர்கொள்பவரிடம் சென்று சேர்கிறது.

பயணியர் உடைமை

விளையாட்டு வீரரும் வேட்டைக்காரரும் சொந்த உபயோகத்துக்குரிய தோட்டாக்களைச் செக்-இன் பெட்டியில் கொண்டுசெல்லலாம். இதற்கு அறிவிப்புப் படிவம் தேவையில்லை. விமான நிறுவனத்தின் ஒப்புதல் கட்டாயம். ஆளுக்கு மொத்த எடை 5 கிலோ. யூஎன் 0012, 0014 எண்களுக்குரிய 1.4எஸ் வகை மட்டும். வெடிக்கும் அல்லது தீமூட்டும் குண்டு உள்ளவை கூடாது. இருவரின் அளவைச் சேர்த்து ஒரே பெட்டியில் கட்டுவதற்கும் அனுமதியில்லை. கைப்பையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. 12 கேஜ் தோட்டாக்கள் 25 அடங்கிய பெட்டி ஏறத்தாழ ஒரு கிலோ என்பதால், 5 கிலோ என்பது சுமார் 125 தோட்டாக்கள். ஸ்கீட் துப்பாக்கிச் சுடும் போட்டியின் தகுதிச் சுற்றில் சுட வேண்டிய இலக்குகளும் 125. பயிற்சிக்கும் சேர்த்துத் தேவைப்படும் அணிகள் கார்கோ வழியையும் அதன் ஆவணங்களையும் நாடுவது இதனால்தான்.

இந்தியாவில்

இந்தியாவில் ஆபத்துப் பொருள் விமானப் போக்குவரத்து விதிகளைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் செயல்படுத்துகிறது. வெடிபொருள்களை விமானத்தில் ஏற்ற மத்திய அரசின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. தோட்டாக்களை வைத்திருப்பதும் கொண்டுசெல்வதும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளுக்கும் உட்பட்டவை. உரிமம் கையில் இருப்பது மட்டும் விமானச் சரக்குக்குப் போதாது. அறிவிப்புப் படிவம் சரியாக இருப்பது மட்டும் உரிமத்துக்கு ஈடாகாது.

ஆவணம் தவறியபோது

ஆவணத்துக்கும் பொதிக்கும் உள்ள மதிப்பு, வேறு ஆபத்துப் பொருள்கள் ஏற்படுத்திய விபத்துகளில் வெளிப்பட்டது. 1973 நவம்பர் 3 அன்று பாஸ்டன் விமான நிலையத்தில் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 சரக்கு விமானம் விழுந்து மூன்று ஊழியர்களும் இறந்தனர். நைட்ரிக் அமிலப் புட்டிகள் விதிக்கு மாறாக மரத்தூளில் பொதியப்பட்டிருந்ததும், ஆபத்துப் பொருள் விதிகள் பரவலாகப் பின்பற்றப்படாததும் விசாரணையில் தெரியவந்தன. 1996 மே 11 அன்று மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட வேல்யூஜெட் 592 தீப்பிடித்து விழுந்ததில் 110 பேர் இறந்தனர். அதன் சரக்கறையில் இருந்த ஆக்சிஜன் ஜெனரேட்டர்களைச் சரக்குச் சீட்டு காலிக் கலன்கள் என்று குறித்திருந்தது; அவை காலியாக இல்லை. அந்த ஒரு சொல் உண்மையாக எழுதப்பட்டிருந்தால், பெட்டிகளைக் கையில் எடுத்த ஒவ்வொருவருக்கும் அவற்றை நிறுத்தக் காரணம் இருந்திருக்கும்.

பொறுப்பு

வகைப்பாடு, பொதி, லேபிள், படிவம் ஆகிய நான்குக்கும் அனுப்புபவரே பொறுப்பு. முகவரை அமர்த்தினாலும் அந்தப் பொறுப்பு கைமாறாது. இந்த வேலை செய்பவர்கள் பயிற்சி பெற்று, இரண்டு ஆண்டுக்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும். அண்மைக் காலத்தில் மின்னணு அறிவிப்புப் படிவமும் நடைமுறைக்கு வந்துள்ளது. எழுத்துப் பிழையையும் விடுபட்ட கட்டத்தையும் கணினி காட்டிக்கொடுக்கும். பெட்டிக்குள் எந்தத் தோட்டா, எத்தனை கிலோ என்பதை மட்டும், பெட்டியை மூடியவர் அறிந்து எழுதித்தான் ஆக வேண்டும்.