கோல்ட் ரிவால்வரின் கைப்பிடி அசல்தானா?

பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் குழலைப் பார்ப்பதற்கு முன்பே கைப்பிடியைக் கழற்றிப் பார்ப்பார்கள். துப்பாக்கியில் மிக எளிதாக மாற்றக்கூடிய பாகம் அதுதான். மரம் விரிசல் விட்டாலோ, அழகுக்குத் தந்தம் வைக்க ஆசைப்பட்டாலோ, பழையதை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டிவிடுவார்கள். இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் 1873ல் வெளியிட்ட 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' ரிவால்வர்.

அமெரிக்க ராணுவம் 1891 வரை இதில் சுமார் 37,000 துப்பாக்கிகளை வாங்கியது. அவற்றுக்கு ஒரே துண்டாகச் செய்த வால்நட் மரக் கைப்பிடி இருந்தது. சோதனை செய்த அதிகாரியின் பெயரெழுத்துக்களும் ஆண்டும் மரத்தில் முத்திரையாகக் குத்தப்பட்டன. உலோகச் சட்டத்தில் உள்ள தொடர் எண்ணை, கைப்பிடியின் உட்புறப் பள்ளத்தில் மையால் எழுதி வைத்தார்கள். வெளியே தெரியாத இந்த எண்தான் முக்கிய சாட்சி.

1882 வாக்கில் இரண்டு பலகைகளாக வரும் கெட்டி ரப்பர் கைப்பிடி அறிமுகமானது. முதலில் அதில் கழுகுச் சின்னம் இருந்தது. 1896 வாக்கில் கழுகு போய், கோல்ட் நிறுவனத்தின் துள்ளும் குதிரை மட்டும் மிஞ்சியது. ஆகவே 1875ல் செய்த துப்பாக்கியில் ரப்பர் கைப்பிடி இருந்தால், அது பிறகு மாட்டப்பட்டது என்று உடனே சொல்லிவிடலாம்.

அடுத்தது தேய்மானம். தொழிற்சாலையில் மரத்தையும் உலோகத்தையும் ஒன்றாக இழைத்துப் பொருத்தினார்கள். நூறு ஆண்டுகளில் மரம் சற்றுச் சுருங்கி, ஓரங்களில் உலோகத்தைவிட இம்மியளவு தாழ்ந்துவிடும். உலோகம் முழுக்கத் தேய்ந்திருக்க, மரத்தில் முத்திரை மட்டும் புத்தம் புதிதாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். ஏனென்றால் போலி முத்திரை குத்துவதும் ஒரு தொழிலாகவே நடக்கிறது.

அப்படியானால் எண் பொருந்தாவிட்டால் போலி என்று முடிவு கட்டலாமா? முடியாது! 1890களின் நடுவில் ராணுவம் தன் பழைய துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்று, ஏழரை அங்குலக் குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டியது. பிரித்த பாகங்களைத் திரும்பப் பூட்டும்போது யாரும் எண்ணைப் பார்க்கவில்லை. 'ஆர்ட்டிலரி' என்று அழைக்கப்படும் இவ்வகையில் எண்கள் கலந்திருப்பதுதான் இயல்பு. எல்லா எண்களும் பொருந்தினால்தான் ஆச்சரியம்.

கடைசியாக, பேரேடு. எந்தத் துப்பாக்கி எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்பதைக் கோல்ட் நிறுவனம் எழுதி வைத்தது. கட்டணம் செலுத்தினால் அதிலிருந்து கடிதம் தருகிறார்கள். ஆனால் பல பதிவுகளில் கைப்பிடி பற்றிய இடம் காலியாகவே இருக்கிறது. அங்கே கணக்குப் புத்தகம் கைவிடுகிறது. மரம்தான் பேச வேண்டும்.

அழுக்கையும் கீறலையும் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்த அழுக்கோடு சாட்சியும் போய்விடும். விலை குறைவது ஒரு பக்கம். அதைப் பிடித்திருந்த கைகளின் தடம் அழிவதே பெரிய நஷ்டம்.