"பெயில்" எங்கிருந்து வந்தது? வகுப்பேற்றத்தின் கதை



வருட முடிவில் முன்னேற்ற அறிக்கை கொடுக்கும் நாளில் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் வழமையாகக் கேட்கும் ஒரு பேச்சு உண்டு. "சேர், இவனுக்கு எழுத்துக் கூட்டவே தெரியாது. பிறகு எப்படி தரம் 5க்கு ஏத்துறீங்க? எங்கட காலத்துல மாதிரி பெயில் போட்டாத்தான் படிப்பான்."

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் "பெயில்" எங்கிருந்து வந்தது, ஏன் போனது என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

முதலில் ஒன்று. வகுப்பு இல்லாத இடத்தில் பெயிலும் இல்லை. நமது குர்ஆன் மத்ரஸாவையே பாருங்கள். லெப்பைக்கு முன்னால் ஒரே பாயில் அலிஃப், பே ஓதும் பிள்ளையும் இருக்கும், அம்ம ஜுஸ்உ ஓதும் பிள்ளையும் இருக்கும். பாடம் வந்தால் அடுத்த பாடம், வராவிட்டால் நாளைக்கும் அதே பாடம். வருடம் முடிந்துவிட்டது என்பதற்காக யாரையும் ஏற்றுவதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை. பழைய திண்ணைப் பள்ளிகளும் இப்படித்தான் நடந்தன.

ஒரு வயதுப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்து, எல்லோருக்கும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்தும் முறை 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அதன் பிறகுதான் அந்த வேகத்துக்கு வர முடியாத பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்வி பிறந்தது.

அந்தக் கேள்விக்குப் பணத்தைக் கொண்டு பதில் சொன்னது இங்கிலாந்து. 1862இல் ரொபர்ட் லோ என்பவர் கொண்டுவந்த விதிப்படி, ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஆறு படிநிலைகள் வகுக்கப்பட்டன. பரிசோதகர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு என மூன்றிலும் சோதிப்பார். ஒரு பாடத்தில் ஒரு பிள்ளை தவறினால் பாடசாலைக்குக் கிடைக்கும் பணத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. பிள்ளையின் "பாஸ்", "பெயில்" பாடசாலையின் கணக்குப் புத்தகத்தில் ஏறியது இப்படித்தான். பல ஆசிரியர்கள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்வித்தார்கள். பரிசோதகராக வேலை செய்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் இந்த முறையைக் கடுமையாகக் கண்டித்தார்.

அன்று நம்மை ஆண்டவர்களும் அவர்களே. 1867இல் மோர்கன் குழுவின் அறிக்கை வந்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. தொடர்ந்து வந்த வருடங்களில் இலங்கையின் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கும் பெறுபேற்றைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை வந்தது. "வித்தியாதரிசி வருகிறார்" என்றாலே பாடசாலை நடுங்கியதற்கு இதுதான் காரணம். பிறகு அந்தக் கொடுப்பனவு முறை இங்கிலாந்திலும் இங்கும் கைவிடப்பட்டது. ஆனால் பெயில் போடும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

அதன் விலை என்ன? அமெரிக்காவில் லெனார்ட் அயர்ஸ் என்பவர் 1909இல் இதை எண்ணிப் பார்த்தார். நகரப் பாடசாலைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை வயதுக்குரிய வகுப்பில் இல்லை. பின்தங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை முடிக்காமலேயே போய்விடுகிறார்கள். பாடத்திட்டம் கெட்டிக்காரப் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாக இருப்பதே இதற்குக் காரணம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

நமது ஊர்களுக்கு இதை விளக்க அமெரிக்கப் புத்தகம் தேவையில்லை. மூத்தவர்களிடம் கேளுங்கள். மூன்றாம் வகுப்பில் இரண்டு தடவை நின்ற பையன் தம்பியோடு ஒரே வாங்கில் இருக்க வெட்கப்பட்டு, வயலுக்கோ கடலுக்கோ கடைக்கோ போனான். பெண் பிள்ளைக்கு இன்னும் மோசம். இரண்டு வருடம் பெயிலானவள் ஐந்தாம் வகுப்புக்கு வரும்போதே பெரியபிள்ளையாகிவிடுவாள். அத்தோடு படிப்பு நின்றுவிடும். 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைத் தந்தார். கட்டணம் போனபின்பும் இந்தக் கதவு மூடியபடியே இருந்தது.

அதனால்தான் காலப்போக்கில் ஆரம்பப் பிரிவில் வயதோடு ஏற்றிவிடும் வழக்கம் வேரூன்றியது. 5 முதல் 14 வயது வரை கல்வி கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அது 16 வயதாக உயர்ந்தது.

இங்கேதான் நாம் மறந்துபோன ஒன்று இருக்கிறது. 1998இல் தொடங்கிய சீர்திருத்தம் "சும்மா ஏற்றிவிடுங்கள்" என்று சொல்லவில்லை. தரம் 1, 2 ஒரு முதன்மை நிலை. தரம் 3, 4 அடுத்தது. தரம் 5 மூன்றாவது. ஒவ்வொரு நிலைக்கும் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அவை வராத பிள்ளையை இனங்கண்டு, பரிகாரக் கற்பித்தல் செய்து, அடுத்த நிலைக்கு அனுப்ப வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், நமது மத்ரஸாப் பாய் முறையை வகுப்பறைக்குள் கொண்டுவரும் முயற்சி அது.

நடந்தது பாதிதான். ஏற்றுவது நடந்தது, பரிகாரம் பல இடங்களில் பதிவேட்டில் நின்றது. 2003இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வு நிலையம் தரம் 4 பிள்ளைகளை நாடளாவிய ரீதியில் மதிப்பிட்டபோது, தாய்மொழியிலும் கணிதத்திலும் பாதிக்கு மேற்பட்டோர் எதிர்பார்த்த மட்டத்தை எட்டியிருக்கவில்லை. வகுப்பில் 40 பிள்ளைகள், தலைக்கு மேல் புலமைப்பரிசில் பரீட்சை. ஆசிரியரின் கண் 70க்கு மேல் புள்ளி எடுக்கும் பிள்ளைகள் மீது. பின்வாங்கில் இருப்பவன் சத்தமில்லாமல் தரம் 6க்குப் போகிறான்.

ஆக, பெயில் போட்டால் பிள்ளை பாடசாலையை விட்டுப் போகிறது. சும்மா ஏற்றினால் பாடசாலைக்குள் இருந்துகொண்டே படிப்பை விட்டுப் போகிறது. இரண்டிலும் தண்டனை பிள்ளைக்குத்தான், பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை.

பெற்றோர்களே, அடுத்த முறை அறிக்கை வாங்கும்போது "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்பதை விட்டு மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளைக்கு எந்தத் தேர்ச்சி இன்னும் வரவில்லை? அதை யார் கற்பிப்பார்? எந்த நாளில்? பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் கட்டடத்தையும் விளையாட்டுப் போட்டியையும் பேசிய பிறகாவது, தரம் 3இல் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஊரில் உயர்தரம் முடித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

தரம் 2இல் ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுக்கக் கூடியதை, தரம் 8இல் ஒரு வருடத்திலும் சொல்லிக்கொடுப்பது கஷ்டம். அப்போது பிள்ளைக்கு வெட்கமும் சேர்ந்துவிடும்.

பயனுள்ளது என்று பட்டால் உங்கள் பழைய மாணவர் குழுமங்களிலும் பகிருங்கள்.