மூதூரில் ஒரு திருத்த வேலை

அண்மையில் திருகோணமலையிலிருந்து மூதூருக்குச் சென்றபோது, எண்பதுகளில் யப்பானில் செய்யப்பட்ட எனது பழைய மோட்டார் சைக்கிளின் கிளச் பிடி திடீரெனப் பஞ்சாகிப் போயிற்று. கியர் விழவில்லை. உருட்டிக்கொண்டே வீதியோரக் கராஜ் ஒன்றை அடைந்தேன்.

“வயர் அறுந்திருக்கும்” என்றார் அங்கு நின்ற முதியவர். “இதுக்கு வயர் இல்ல நானா, ஒயில்தான் தள்ளுது” என்றார் திருத்துநரான இளைஞர்.

உண்மைதான். பிடியிலுள்ள சிறிய உருளை ஒயிலைத் தள்ள, அந்த அழுத்தம் குழாய் வழியே எஞ்சினருகேயுள்ள மற்றோர் உருளையை அசைத்துக் கிளச் தகடுகளைப் பிரிக்கின்றது. பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். காலப்போக்கில் உருளையின் உட்சுவர் அரிபட்டு, இறப்பர் சீல் தேய்ந்து, காற்று புகும். திரவம் சுருங்காது, காற்றோ சுருங்கிவிடும். ஆகவே பிடி அசைந்தாலும் தகடுகள் அசைவதில்லை.

அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எத்திசையிலும் குறையாமல் பரவும் என்ற இவ்விதியை பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பஸ்கால் எழுதிவைத்தார். அவர் 1662இல் மறைந்தார். நூல் 1663இல் வெளிவந்தது. அந்நாட்களிலேயே மூதூர்க் கரையிலும் ஒரு திருத்த வேலை நடைபெற்றது என்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம்.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், புதிய பாய்மரம் நாட்டுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கப்பற்தலைவர் றொபேட் நொக்ஸையும், அதே பெயர் கொண்ட அவரது பத்தொன்பது வயது மகனையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லுமாறு மகனை அனுப்பினர். அவர் கப்பலேறி, வரவேண்டாமென்று எச்சரித்தார். அப்படியே தப்பியிருக்கலாம். ஆனால் தந்தைக்கு வாக்களித்தபடி கரைக்குத் திரும்பினார். 1661இல் தந்தையை அடக்கம் செய்தார். தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் வாழ்ந்து, 1679இல் மன்னார்ப் பகுதியின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய இலங்கை வரலாற்று நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. பிடிபட்ட இடத்து மரத்தை ‘வெள்ளைக்காரன் மரம்’ என்றழைத்தனர்.

இக்கதையை நான் சொல்ல, இளைஞர் கை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என் பையிலிருந்த புதிய சீலைப் பொருத்தி, முனையில் தெளிந்த குழாயை மாட்டி, அதன் மறுமுனையை ஒயிலுள்ள போத்தலில் அமிழ்த்தினார். நான் பிடியைப் பலமுறை அழுத்தி இறுக்கிப் பிடிக்க, அவர் முனையைத் திறப்பார்; குமிழிகள் வெளியேறும்; மூடிய பின்னரே நான் பிடியை விடுவேன். மேற்கிண்ணத்தில் ஒயில் வற்றாமல் பார்த்துக்கொண்டார். வற்றினால் மீண்டும் காற்று புகுந்துவிடும். குமிழிகள் நின்றபோது பிடி இறுகியது. வர்ணத்தில் சிந்திய ஒயிலை நீரூற்றிக் கழுவினார்.

“எங்கட வாப்பாவும் அப்படித்தான் ஐயா” என்றார். 2006 ஆகஸ்டில் சண்டை மூண்டபோது மூதூர் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தனர். அவரது தந்தை ஆயுதப்பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போனாராம். வேறு ஊரில் வேலை கிடைத்தும் நிற்கவில்லை. திரும்பி வந்து இதே இடத்தில் கராஜைத் திறந்தாராம். சற்றுமுன் ‘வயர்’ என்ற முதியவரை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். அவரல்லர்; அவர் அயலவர். தந்தை இப்போது இல்லை. பெட்டி மட்டும் மகனின் காலடியில் இருந்தது.